வங்காள விரிகுடாவில் ஒரு கிழிசல்

எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அத்தனை வருஷம் குடியிருந்தவளுக்கு அது இல்லாமல் இருக்கவும் முடியாது. ஒரே அளவு வீடு, ஒரே பச்சைக் கதவு, ஒரே சிவப்புத் தரை, ஒரே நாளில் சம்பளம். எல்லாம் ஒன்றாக இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு புதுப் புடவை காய்ந்தால்கூட கண்ணில் உறுத்தும். எனக்கு உறுத்தியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியிருக்கிறது.

அதெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிப்போகிற பொறாமை. இப்போது சொல்லப்போவது ஆறவில்லை. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்து வந்தது அது.

வரைந்தவள் எங்கள் மாடிவீட்டுப் பெண். க்வார்ட்டர்ஸில் நாங்கள் கீழே, அவர்கள் மேலே. அவள் அப்பாவும் என் வீட்டுக்காரரும் நிலக்கரி மைன்ஸில் ஒரே கேங், ஒரே ஷிஃப்ட். அவள் அம்மாவை நான் அக்கா என்பேன். குறிஞ்சிப்பாடிக்காரர். எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள், மாடியில் அந்த ஒரு பெண். என் பையன்கள் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெண் இருக்கிற இடம் தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு சென்னைக்குப் போய் ஓவியம் படித்தது. படம் வரைந்து எப்படிச் சோறு தின்னும் என்று நான்கூடக் கேட்டேன். என் பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் செய்ததைச் சுவரில் மாட்டி நாலு பேரை வந்து பார்க்கச் சொல்ல முடியாது.

போன மாசம் அக்கா போன் பண்ணினார். பாப்பாவோட படம் புதுச்சேரியில வச்சிருக்காங்களாம், அரசாங்கத்து ஓவியக்கூடம், உங்க ரெண்டு பேரையும் கட்டாயம் கூட்டிக்கினு வரச் சொல்லிச்சு, காரு அனுப்புது என்றார். 'காரு அனுப்புது' என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை போதாதா என்று நான் இவரிடம் கேட்டேன். இவர் ஏற்கெனவே வெள்ளை வேட்டியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி அதிக நாள் இருக்கவில்லை. அவர் போன பிறகு அக்கா குறிஞ்சிப்பாடியில் தம்பி வீட்டோடு இருக்கிறார். நாங்களும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கார் முதலில் எங்களை ஏற்றிக்கொண்டு பிறகு அக்காவை ஏற்றியது. பட்டுப் புடவை கட்டியிருந்தார். நான் காட்டன் கட்டியிருந்தேன். ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் எளிமையாகப் போவார்கள் என்று எவளோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு.

கட்டடம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்கக் கிடங்காக இருந்ததாம். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கதவு. ஜன்னலில் கை நீட்டினால் முழங்கை வரைக்கும் உள்ளே போகும் அளவு கனமான சுவர். கூரையில் தேக்கு உத்திரம், அதிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறி. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கால் வைத்ததும் ஜில்லென்றது. எங்கள் டவுன்ஷிப்பும் பழசுதான், ஆனால் அங்கே பழசு என்றால் இடிந்துவிழப் போகிறது என்று அர்த்தம். இங்கே பழசு என்பதற்காகவே வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அன்றைக்கு மனசு அப்படி.

"என்னங்க, எவ்ளோ பெரிய கதவு பாருங்க" என்று நான் இவரிடம் சொன்னதும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி வாயில் விரலை வைத்து, "அம்மா, சத்தம் போடாதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சத்தம் போடாதீங்க என்று யார் யாரிடம் சொல்வது? அது என் வசனம். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் எங்கள் வரிசை முழுக்க அந்த ஒரு வசனத்தில்தான் ஓடும். விடிந்து ஆள் வீட்டுக்கு வருவதற்குள் சமையலை முடித்துவிட வேண்டும், குக்கர் விசில் பிறகு கேட்கக் கூடாது. காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். கேட்டில் ஒரு பழைய துண்டைக் கட்டிவிடுவோம். துண்டு கட்டியிருந்தால் உள்ளே நைட் ஷிஃப்ட்காரர் தூங்குகிறார் என்று எங்கள் வரிசைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். கீரைக்காரம்மா வாயை மூடிக்கொண்டு கடந்துபோவார். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகக் காகிதம் ஒட்டி அறையை இருட்டாக்கி, இவர் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தரையில் பாயில் படுத்ததும், நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். "கதவ சாத்திக்கினு போ" என்பார். அதுதான் அந்த வாரத்தில் இவர் என்னிடம் பேசுகிற பேச்சு. பிறகு வாசலில் உட்கார்ந்து காக்கையை விரட்டுவேன், என் பையன்களை விரட்டுவேன், தெரு நாயை விரட்டுவேன். மாடியில் அக்காவும் இதையேதான் செய்துகொண்டிருப்பார். பாப்பாவைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில் கீழே விழுந்தாலும் சத்தம்தானே. படியில் போய் உட்காரு என்று அனுப்பிவிடுவார். அது வந்து உட்காரும். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நான் வாயில் விரல் வைத்ததே இல்லை.

ஓவியக்கூடத்துக்குத் திரும்புகிறேன். முதல் அறையில் வேறு யார் யாரோ வரைந்தது. சிலது புரிந்தது, சிலது எனக்குப் புரிய வேண்டும் என்று வரைந்ததாகவே தெரியவில்லை. மரப்படி ஏறி மாடிக்குப் போனோம். அங்கே நடு அறையில், கடல் தெரியும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், அந்தப் பெண்ணின் படம். பெரியது, எங்கள் பீரோ அகலம் இருக்கும்.

ஓரமெல்லாம் நீலம். வெளுத்துப்போன, புள்ளி புள்ளியாகப் பூசணம் பிடித்த நீலம். நடுவில் அந்த நீலம் கிழிந்திருக்கிறது, கிழிந்த ஓரம் வெள்ளை வெள்ளையாகப் பிசிறடிக்கிறது. கிழிசலுக்குள் இருட்டு அறை. சிவப்புத் தரையில் பாய், பாயில் ஒரு ஆண் மல்லாந்து கிடக்கிறார். கட்டம் போட்ட லுங்கி. முகத்தின் மேல் ஈரத் துண்டு. ஒரு கை வயிற்றின் மேல். கிழிசல் வழியாகப் போகிற வெளிச்சம் சரியாக அந்தக் கையின் மேல் விழுகிறது. சுரங்கத்து ரப்பர் பூட்ஸுக்குள் ஊறி ஊறி வெளுத்த பாதங்கள் இரண்டும் நம்மைப் பார்த்து இருக்கின்றன. பக்கத்தில் சின்ன அட்டையில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

அக்கா அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். பட்டுப் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மெதுவாக, "எங்க வூட்டுக்காரரு" என்றார். "நான் ஜன்னல்ல நீலப் போர்வ கட்டுவேன் பாரு, அதான் இது. ஓட்டகூட போட்டிருக்குது பாரு, பூச்சி அரிச்சது."

அவர் காட்டிய ஓட்டையை நானும் பார்த்தேன். நீலத்தின் மேல், கிழிசலுக்கு வலது பக்கம், மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. கிட்டே போய் இன்னொரு தடவை பார்த்தேன்.

அது பூச்சி அரித்த ஓட்டை இல்லை. அந்தமான்.

ஒரு வருஷம் ஜன்னலில் ஒட்டப் பழுப்புக் காகிதம் கிடைக்கவில்லை என்று, என் பெரியவனுடைய பள்ளிக்கூட இந்திய வரைபடச் சார்ட்டை எடுத்து, அச்சடித்த பக்கத்தில் மைதாப் பசை தடவிக் கண்ணாடியில் ஒட்டினவள் நான். வெளியிலிருந்து பார்த்தால் இந்தியா தெரியும். உள்ளே படுத்திருப்பவருக்குக் காகிதத்தின் வெள்ளை முதுகுதான். தூங்கி எழுந்ததும் பொழுது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க, வங்காள விரிகுடாவில் ஒரு கை அகலத்துக்கு இவரே கிழித்துவிட்டார். ஒட்டுப்போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அப்படியே கிடந்தது. அந்த ஜன்னலை ஒட்டித்தான் மாடிவீட்டுக்குப் போகிற படி ஏறும். படியில் உட்கார்ந்தால் கிழிசல் கண்ணுக்கு நேரே.

ஆக, படத்தில் படுத்திருப்பவர் என் புருஷன்.

பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரியுதாங்க?" என்றேன்.

"தெரியாம இன்னா? அசல் அவன்தான்" என்றார். "கேன்டீன் பெஞ்சியில படுத்தாக்கூட இப்படித்தான் கைய வயித்து மேல வச்சிக்குவான்." சொல்லும்போதே பின்னால் கட்டியிருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போன சிநேகிதனுக்காக, தன் வயிற்றின் மேல் இருக்கிற தன் கையையே பார்த்து.

தன் தூக்கத்தைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. சரி, நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டேன். அங்கேதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது. இவர் வயிற்றின் மேல் கை வைத்துத் தூங்குவார் என்பதே எனக்குத் தெரியாது. அந்தமான் இல்லாவிட்டால் நானும் இது அக்கா வீட்டுக்காரர் என்றுதான் நினைத்திருப்பேன். ராத்திரித் தூக்கம் வேறு, விளக்கை அணைத்தால் குறட்டை மட்டும்தான் கணக்கு. பகல் தூக்கம் இவருடைய உழைப்பின் கூலி. அதை ஒரு ஈகூட கலைக்காமல் காவல் காத்தது நான். பார்த்தது அவள்.

அந்தப் பெண் எங்கள் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, ஆனால் அதே சத்தமில்லாத நடை. அவள் கையைப் பிடித்துக் கடல் தெரியும் ஜன்னல் பக்கம் கூட்டிப்போனேன். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தேன்.

"அந்தமான் எதுக்கு வரைஞ்ச?" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி சின்னப் பிள்ளை முகமானது. "கண்டுபுடிச்சிட்டீங்களா, ஆன்ட்டி?"

"எங்க வீட்டுச் சார்ட்டு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர வரைஞ்சிட்டு அப்பான்னு எழுதி வச்சிருக்கியே."

"எங்கப்பா தூங்கறத நான் பாத்ததே இல்ல, ஆன்ட்டி. அம்மா உள்ள வுடவே மாட்டாங்க" என்றாள். "அப்பா போனப்புறம் வரையணும்னு உக்காந்தேன். எனக்கு அப்பான்னா சாத்துன கதவுதான் ஞாபகம் வருது. கதவ எத்தன தடவ வரையறது? அப்புறம் யோசிச்சேன், உள்ள அவரு எப்படி இருந்திருப்பாரு? அங்கிள் மாதிரிதான். ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் முடிச்சு வந்தவங்கதானே. படிக்கட்டுல உக்காந்து அங்கிளதான் நான் எத்தன வருஷம் வரைஞ்சிருக்கேன். மூச்சு வுடறப்ப வயித்து மேல இருக்கற கை எவ்ளோ ஏறும், எவ்ளோ எறங்கும்னுகூடத் தெரியும்."

இதை அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் மிளகாய் அரைத்துத் தடவினாற்போல் இருந்தது. மூச்சு ஏறுவதும் இறங்குவதும் இவளுக்குத் தெரியுமாம். சத்தம் போடாத பிள்ளை என்று ஊர் முழுக்க நான் மெச்சிய பிள்ளை. நான் முன்வாசலில் காக்கை விரட்டிக்கொண்டிருக்க, இவள் பக்கவாட்டில் உட்கார்ந்து என் புருஷனை அங்குலம் அங்குலமாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ஆன்ட்டி" என்றாள்.

நான் அவள் கையை விட்டேன். அந்தப் பக்கம் அக்கா தன் கைபேசியை இவரிடம் கொடுத்து, படத்தைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். இவரும் குனிந்து நிமிர்ந்து, நாலு பக்கமும் நின்று எடுத்துக்கொடுத்தார். உங்க போன்லயும் ஒண்ணு எடுக்கட்டுமா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் படத்தை நான் ஏன் இரவல் வாங்க வேண்டும்? அந்த ரோஷம் எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

கீழே இறங்கும்போது காவலாளியைப் பார்த்தேன். அதே நாற்காலியில், படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மேல இருக்கற பெரிய படம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எனக்கு இங்கதாம்மா டூட்டி" என்றார்.

திரும்பி வருகிற வழியில் இவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், கடலூர் தாண்டியதும் தூங்கிப்போனார். பின் சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது பின்னந்தலை மட்டும்தான். அக்கா என் பக்கத்தில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிசாக்குவதும் சின்னதாக்குவதுமாக இருந்தார்.

"நெசமா சொல்றேன்" என்றார். "அவரு தூங்கறத நான் பாத்ததே கிடையாது. நம்மளுக்கு எங்க நேரம்? வாசல்ல காவலு காத்துக்கினு கெடந்தோம். இப்பத்தான் பாக்கறேன். பாவம், எவ்ளோ அசந்து தூங்கறாரு பாரு."

"அக்கா" என்றேன். நாக்கு நுனியில் நின்றது. "அந்த நீலத்துல புள்ளி புள்ளியா இருக்கே..."

"அதான் சொன்னனே, பூச்சி அரிச்சது. நான்தான் தச்சுப் போடறேன் தச்சுப் போடறேன்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அந்தமானை ஒரு விரலால் தடவிக்கொடுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று குறிஞ்சிப்பாடி வரும்வரைக்கும் கை துறுதுறுத்துக்கொண்டுதான் இருந்தது. பிடுங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்ததில் அவர் இறங்குகிற இடம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அக்காவின் கைபேசியைத் திறந்தாலே அந்தப் படம்தான் முகப்பில். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பார்த்தேன். மணி பார்க்க எடுக்கிறார், என் புருஷன். பஸ் நேரம் பார்க்க எடுக்கிறார், என் புருஷன். இவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல மனுஷன், போய்ச் சேந்துட்டான் என்று தன்னையே பார்த்துத் துக்கம் விசாரிக்கிறார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். சர்க்கரை போட்டேனா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் ஒரு முடிவு செய்தேன். ஊரே பார்த்ததை நானும் பார்த்துவிடுவது.

"என்னங்க, கொஞ்சம் படுங்க" என்றேன்.

"பகல்லயா? எனக்கு இன்னா ஒடம்புக்கு?" என்றார். ரிட்டையர் ஆனதிலிருந்து இவர் பகலில் படுத்ததே இல்லை, டீக்கடைக்குப் போய்விடுவார். விடவில்லை. தரையில் பாயை விரித்தேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன். புது வீட்டில் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்ட வேண்டியதில்லை. துண்டை நனைத்துப் பிழிந்து கையில் கொடுத்தேன். அந்த ஈரத் துண்டு கைக்கு வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் படுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். உடம்பு மறக்கவில்லை.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். வலது கை பாயில் கிடந்தது. அது எப்போது வயிற்றின் மேல் ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை ஆட்டினார். ஒரு பக்கம் திரும்பினார், மறுபடி மல்லாந்தார். கை அங்கேயே கிடந்தது.

"நீ இங்கயா இருக்கற?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"ஆமாம். தூங்குங்க."

"நீ உக்காந்து பாத்துக்கினு இருந்தா எப்படித் தூக்கம் வரும்?" கொஞ்ச நேரம் கழித்து, பாதித் தூக்கத்தில், பழைய குரலில், "கதவ சாத்திக்கினு போ" என்றார்.

சாத்திக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது? வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் கட்டின வண்டியில் தக்காளி விற்றுக்கொண்டு ஒருவன் வந்தான். இங்கே கேட்டில் துண்டு கட்டினால் யாருக்கும் புரியாது, கையைக் காட்டினேன். அவன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கை இந்நேரம் வயிற்றின் மேல் ஏறியிருக்கும். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன், திரைச்சீலையில் ஒரு கிழிசல்கூட இல்லை, புதுத் துணி.

ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன். சத்தம் வராமல், வாயைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, அந்தப் படத்த எனக்கும் ஒண்ணு அனுப்புங்களேன்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கும்மா," என்றார் அக்கா, "எங்க வூட்டுக்காரரு படம்?"